முதல் பந்தியில் அப்பாவுக்கு ஓர் இலை

அன்புள்ள தம்பிக்கு, அம்மா எழுதுவது.

கோயிலில் உன் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசித்துவிட்டார்கள், மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது, உன் சட்டை தையல்காரரிடம் இருக்கிறது. இவற்றையெல்லாம் போனில் சொல்லிவிட்டேன். போனில் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது. நம் வீட்டுப் போன் கூடத்தில் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் எவ்வளவு தணிந்து பேசினாலும் அவருக்கு எட்டிவிடும். அவருக்கு மூச்சுதான் குறைந்திருக்கிறதே தவிர, காது நன்றாகக் கேட்கிறது. அதனால் புத்தகம் மாற்றப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, நூலகத்து மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். விஷயம் இதுதான்: உன் கல்யாணத்தன்று சம்பந்தியோடு முதல் பந்தியில் உட்கார்ந்து, எல்லாரையும்போல பிரியாணி சாப்பிடப்போவதாக அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படிச் சாப்பிட்டால் அவர் உயிரோடு இருப்பாரா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்துவிடாதே. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று ஒவ்வொன்றாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அப்பாவுக்கு இளைப்பு இருப்பது உனக்குத் தெரியும். ரைஸ் மில்லில் பாய்லருக்கு உமி தள்ளித் தள்ளி, அந்தப் புகையையும் தூசியையும் வாழ்நாளெல்லாம் இழுத்தார். அது போதாதென்று பீடியும் இழுத்தார். நீ துபாய்க்கு விமானம் ஏறியபோதே அவர் பேருந்து நிலையத்துப் படிகளில் நின்று நின்றுதான் ஏறினார். மூச்சுக்குழாய்கள் சுருங்கிவிட்டன, இனி விரியாது, இன்ஹேலரில் மருந்தை இழுத்துக்கொண்டு காலத்தை ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னதையும் உனக்கு எழுதியிருந்தேன். உனக்குத் தெரியாதது தொண்டை பற்றியது. எனக்கும் அப்போது தெரியாது. மூச்சு கெட்டுப்போனால் விழுங்குவதும் கெட்டுப்போகும் என்று யார் நினைப்பார்கள்? ஒன்று நெஞ்சின் வேலை, இன்னொன்று வயிற்றின் வேலை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ போன பிறகு வந்த மழைக்காலத்தில் அது தொடங்கியது. சாப்பிடும்போது அப்பாவுக்குப் புரை ஏறும். ரசம் சோற்றில் கைவைத்தால் நிச்சயம் ஏறும். அவர் இருமுவார், கண்ணில் தண்ணீர் வரும். உன் அத்தை வந்திருந்தால் ஓடிப்போய் அவர் உச்சந்தலையில் தட்டுவார். "பாத்தியா, மவன் நெனைக்கிறான். அங்க சாப்பாட்டுல ஒக்காந்திருப்பான், அப்பா ஞாபகம் வந்திருக்கும்" என்பார். அப்பா இருமலுக்கு நடுவிலேயே சிரிப்பார். "நெனைக்கட்டும், நெனைக்கட்டும். போன் பண்ணா காசு ஆவும், நெனைக்கிறதுக்கு என்னா செலவு?" என்பார். நானும் சிரித்தேன், தம்பி. ஒரு வேளை புரை ஏறாமல் சாப்பிட்டு எழுந்தால், "இன்னைக்கு ஒம் புள்ள மறந்துட்டான்" என்று குறைப்பட்டுக்கொள்வார். நீ எங்களை நினைக்கும் அடையாளமாக அந்த இருமலை நாங்கள் எதிர்பார்க்கவே ஆரம்பித்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் ஒரு துளி ரசமோ ஒரு பருக்கையோ அவர் நுரையீரலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் சுற்றி உட்கார்ந்து உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு காய்ச்சல் வரத் தொடங்கியது. வரும், மாத்திரைக்கு அடங்கும், மறுபடி வரும். சளி நிறம் மாறியது. உள்ளூர் டாக்டர் பனியில் போகாதீர்கள் என்றார். அப்பா குல்லாய் போட்டுக்கொண்டார். காய்ச்சல் குல்லாய்க்குப் பயப்படவில்லை. தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு பெண் டாக்டர், உன் வயதுதான் இருக்கும். அவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்ததைவிட அதிக நேரம் அப்பாவைச் சும்மா உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "குடிங்க ஐயா, வீட்டுல எப்படிக் குடிப்பீங்களோ அப்படி" என்றார். அப்பா எப்படிக் குடிப்பார் என்று உனக்குத் தெரியும். உதட்டில் எச்சில் படாமல், தலையை நன்றாக அண்ணாந்து, டம்ளரை உயரத் தூக்கி, ஒரு சொட்டு சட்டையில் சிந்தாமல் ஊற்றிக்கொள்வார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அன்றும் அப்படியே குடித்துவிட்டு, பரீட்சையில் தேறியவர்போல டம்ளரைக் கீழே வைத்தார்.

"இப்ப உங்க பேரச் சொல்லுங்க ஐயா" என்றார் டாக்டர். அப்பா சொன்னார். குளத்துக்குள் முழுகிக்கொண்டே பேசுகிறவர் குரல்போல அது கொழகொழவென்று வந்தது. எத்தனையோ நாள் வீட்டில் கேட்ட குரல்தான் அது. சளிக்குரல் என்று நான் விட்டுவிட்டேன். டாக்டர் என்னைப் பார்த்து, "கேட்டீங்களாம்மா? தண்ணி வயித்துக்குப் போகல. குரல்வளை மேலயே நிக்குது. அங்கேருந்து நுரையீரலுக்குத்தான் எறங்கும்" என்றார். அண்ணாந்தால் காற்றுப் போகும் வழி வாயைத் திறந்துகொண்டு நிற்குமாம். நாம் சுத்தம் என்று நினைத்துப் பழகியதுதான் அவருக்கு ஆபத்து. குனிந்து, உதட்டில் வைத்து, வாய் வாயாக உறிஞ்ச வேண்டுமாம். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "எச்சப் பண்ணிக் குடிக்கச் சொல்றீங்களே" என்றார். "உங்க டம்ளர், உங்க எச்சி. யாருக்கு என்ன ஐயா?" என்றார் அவர்.

அந்த டாக்டர் சொன்னதை நான் அன்றே முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து, எதிர்வீட்டுப் பெண்ணின் உயிரியல் புத்தகத்தை இரவல் வாங்கித் தொண்டைப் படத்தைப் பார்த்தேன். உணவுக்கும் காற்றுக்கும் வாயில் ஒரே வழி; தொண்டைக்குக் கீழே இரண்டாகப் பிரிகிறது. விழுங்கும் நொடியில் காற்று வழிமேல் ஒரு மூடி கவிழ்கிறது, மூச்சும் நின்றுவிடுகிறது. விழுங்கியதும் பெரும்பாலும் மூச்சு வெளியேதான் வரும். ஓரத்தில் தங்கிய துணுக்கை அது வெளியே தள்ளிவிடும். நான் சமையலறையில் நின்று மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பார்த்தேன். உண்மைதான், விழுங்கிய பிறகு விரலில் வெதுவெதுப்பாகக் காற்று பட்டது. நீயும் செய்து பார். அப்பாவுக்கு மூச்சுப் பஞ்சம். அந்த ஒரு நொடி கூட அவரால் காத்திருக்க முடிவதில்லை. விழுங்கி முடிப்பதற்குள் உள்ளே இழுத்துவிடுகிறார், கூடவே சோறும் போகிறது. படத்தைக் காட்டி அவருக்கு விளக்கினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாய்லர்ல நான்-ரிட்டர்ன் வால்வு லீக்குன்னு சொல்லு. அதுக்கு ஏன் டீச்சரம்மா இவ்வளவு பாடம்?" என்றார். போனது திரும்பாமல் தடுக்கும் மூடி ஒழுகுகிறது என்கிறார்; நான் சொன்னதைவிட அது தெளிவாகத்தான் இருந்தது.

அன்று முதல் நம் அடுப்படி மாறிவிட்டது. நீர்க்க இருப்பது கூடாது. உதிரியாக இருப்பது கூடாது. இரண்டும் கலந்திருப்பது கூடவே கூடாது, ஏனென்றால் தண்ணீர் முன்னால் ஓடும், பருக்கை பின்னால் வரும், களைத்த தொண்டைக்கு எதைப் பிடிப்பது என்று தெரியாது. ரசம் சோறு, மோர் சோறு, நீராகாரம், அவருக்குப் பிடித்தது எல்லாமே போயிற்று. குழைய வடித்த சோற்றில் கெட்டிப் பருப்பு, கெட்டித் தயிர், மசித்த இட்லி. சாப்பாட்டுக்கு முன் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து மூச்சை ஆற்றிக்கொள்ள வேண்டும். சிறு கவளம், முகவாய் தாழ்ந்திருக்க வேண்டும், விழுங்கும்வரை பேச்சு கூடாது. சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. பூசையில் தரும் நற்கருணை அப்பம்கூட அவருக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. இன்ஹேலர் மருந்து வாயைக் காயவைத்துவிடுகிறது. பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னேன். "சின்னத் துண்டா ஒடிச்சுக் குடுக்கிறேம்மா, ஆண்டவர் அதுலயும் முழுசாத்தான் இருக்கார்" என்றார். அவர் ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிய ஆறுதல். அப்பாதான் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் என்ன பச்சப்புள்ளயா? எங்க அம்மாகூட எனக்கு இப்படிப் பெசஞ்சு ஊட்டுனதில்ல" என்று தட்டைத் தள்ளினார். ஒரு நாள் கடைத்தெருவில் டீக்கடை பெஞ்சில் அவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் பருப்புவடை. என்னைப் பார்த்ததும் வடையைப் பக்கத்தில் இருந்தவர் கையில் திணித்துவிட்டு, "இவருக்குத்தான் வாங்குனேன்" என்றார். அந்த ஆள், "ஆமாக்கா, பாதி கடிச்சுக் குடுத்தாரு" என்றார். பெஞ்சே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

இப்போது உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். உன் சித்தப்பா பேரனுக்கு ஞானஸ்நானம் நடந்ததல்லவா, அன்று விருந்துக்குப் போயிருந்தோம். எனக்குப் பெண்கள் பக்கம் இலை போட்டுவிட்டார்கள். அப்பா எதிர்வரிசையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்துபோய் நிறுத்தலாம், நாலு பேர் முன்னால் அவரைக் குறைத்துப் பேசியதாகிவிடும். ஒவ்வொரு கவளத்துக்கும் இருமல் வருகிறதா என்று காத்திருந்தேன். ஆனால் அவருக்கு ஒரு முறைகூட இருமல் வரவில்லை. பேசிக்கொண்டே சாப்பிட்டார், தாளிச்சாக் குழம்பை இரண்டாம் முறை வாங்கினார், கை கழுவினார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தொண்டை சரியாகிவிட்டது, நம் பத்தியம் பலித்துவிட்டது என்று வழியில் மாதா கெபியில் மண்டியிட்டு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த நாளே காய்ச்சல் கொதித்தது. உதடு நாவல்பழம்போல ஆகிவிட்டது. மூச்சு இழுக்கும்போது கழுத்தெலும்புக்கு மேலே பள்ளம் விழுந்தது. தஞ்சாவூரில் ஆக்சிஜன் வைத்து, அதே டாக்டர்தான் பார்த்தார். "விருந்துல ஒரு தடவகூட இருமலயே டாக்டர்" என்று நான் அழுதேன். அவர், "அதான்மா எனக்கும் பயம். இருமல்தான் காவக்காரன். அவன் சத்தம் போட்டாத் திருடன் வந்திருக்கான்னு தெரியும். இவருக்குக் காவக்காரன் தூங்கிட்டான்" என்றார். வெளியே வந்து என்னிடம் மட்டும், இன்னொரு முறை இப்படி நிமோனியா வந்தால் இந்த நுரையீரல் தாங்காது என்றார். அதிலிருந்து, இருமினால் பயப்படுகிறேன், இருமாவிட்டால் அதைவிடப் பயப்படுகிறேன். ஒவ்வொரு வேளையும் சாப்பாடு முடிந்ததும் ஏதாவது கேட்டு அவரைப் பேசவைத்துக் குரலைக் கேட்கிறேன்.

அந்த வாரம் நீ போன் செய்தபோது உன் அத்தை எடுத்தார். அப்பாவும் அம்மாவும் வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லச் சொன்னது அப்பாதான். "எனக்கும் ஒரு மெழுகுதிரி ஏத்தச் சொல்லுங்க" என்றாயாம். அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்து அதைச் சொன்னபோது அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் ஏன் மறைத்தார் என்றால், அப்போதுதான் திருவாரூரில் பெண் பேசி முடித்திருந்தோம். சாப்பாட்டில் உட்கார்ந்து இருமுகிற, எலும்பும் தோலுமான மனிதரைப் பார்த்தால் நம் பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்று உனக்கே தெரியும். டி.பி. என்பார்கள், ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். "சீக்காளி வூட்டுல யாரு பொண்ணக் குடுப்பா? கல்யாணம் முடியட்டும், அப்பறம் நான் கஞ்சியே குடிக்கிறேன்" என்றார். பெண் வீட்டாரிடம் கொஞ்சம் இளைப்பு என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். அதனால்தான் முதல் பந்தி. சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்து ஓர் இலை பிரியாணியை முழுதாகச் சாப்பிட்டுக் காட்டினால், ஊர் வாயை அடைத்துவிடலாம் என்று நினைக்கிறார். பக்கத்தில் சம்பந்தி பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார். பரிமாறுகிறவர்கள் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று உதிரி உதிரியாகப் போடுவார்கள். மேலே தாளிச்சாவை ஊற்றுவார்கள். அவர் அண்ணாந்து தண்ணீர் குடிப்பார். டாக்டர் கூடாது என்றது அத்தனையும் ஒரே இலையில்.

போன வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். ஜவுளி பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் திருவாரூர் பேருந்தில் ஏறி, பெண் வீட்டுக்குப் போய்விட்டேன். வழியெல்லாம் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் நினைத்தேன். பெண்ணின் அம்மா மட்டும் இருந்தார். டாக்டர் சீட்டைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஒட்டுமாங்க?" இல்லை என்றேன். இது புகையாலும் தூசியாலும் வந்தது, யாருக்கும் ஒட்டாது, பிள்ளைகளுக்கு வராது என்று படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவர் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "அவரு வரட்டும், சொல்றேன்" என்றார். காப்பி கொடுத்தார். உன் கல்யாணத்தை நானே நிறுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

நேற்றுக் காலை சம்பந்தி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவர். செருப்பைக் கழற்றும்போதே, "என்னா சம்பந்தி, தொண்டைக்கு முடியலன்னு எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? வீட்டுக்கார அம்மா வந்து சொல்லித்தான் தெரியணுமா?" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. சம்பந்தி உட்கார்ந்து, "அதுக்காக எங்க பொண்ண இல்லன்னுடுவோமா? ஓலை வாசிச்சாச்சு. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. அன்னைக்கு வூட்டுலயே சாப்புட்டுட்டு வந்துடுங்க, பந்திப்பக்கம் வரவேண்டாம், நான் பாத்துக்குறேன்" என்றார். அவர் ஆதரவாகத்தான் சொன்னார். கல்யாணம் நிற்கவில்லை என்று எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் போன பிறகு அப்பா, "எம் மவன் கல்யாணத்துல எனக்கு எல கெடையாதா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பேசாததால் சாப்பிட்டபின் அவர் குரல் எப்படி இருக்கிறது என்றும் எனக்குத் தெரியவில்லை. நேற்று மதியம் இரண்டு வாயோடு எழுந்துவிட்டார். இன்று காலை அதுவும் இல்லை. பிரியாணியால் ஆபத்து வரும் என்று பயந்தேன், இப்போது பட்டினியால் வருமோ என்று பயப்படுகிறேன்.

இரண்டு பேர் சொன்னதையும் வைத்து நான் யோசித்துப் பார்த்தேன். சம்பந்தி சொல்வதுபோல அவரை ஒதுக்கிவைக்க முடியாது. அவர் விருப்பப்படி விடவும் முடியாது. அவருக்கு முதல் பந்தியில் இலை போட வேண்டும், தம்பி. ஓரத்தில் இல்லை, சம்பந்தி பக்கத்திலேயே. அந்த இலையில் குழைந்த சோறும் கெட்டிப் பருப்பும் நான் வைக்கிறேன். பிரியாணி மசாலாவில் நன்றாக மசித்த கறியும் ஒரு கரண்டி இருக்கும், டாக்டரிடம் கேட்டுவிட்டேன், மசித்தால் சரி என்றார். தண்ணீருக்குப் பதிலாகக் கெட்டியான பாயசம், டம்ளரை உதட்டில் வைத்துத்தான் குடிப்பார். யாராவது ஏன் என்று கேட்டால், மறைக்காமல், "எங்க அப்பாவுக்கு நுரையீரல் முடியல, இப்படித்தான் சாப்பிடணும்" என்று நீ உரக்கச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் அது அவரைக் குறைத்ததாகிறது. மாப்பிள்ளை சொன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சம்பந்தியிடமும் நீயே பேசு. சாப்பிடும்போது அப்பாவிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம் என்று சொல், அவரால் முடியுமா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல். அந்தப் பெண்ணிடமும் நீயே சொல்லிவிடு. உடம்பைப் பற்றி ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் இருங்கள். நானும் அப்பாவும் மரியாதை என்று எதை எதையோ ஒளித்து, அந்த மரியாதைக்கு அவருடைய மூச்சைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அப்பாவிடம் பேசு. இலை உண்டு என்பதை உன் வாயால் அவர் கேட்க வேண்டும். நான் சொன்னால் இப்போது நம்ப மாட்டார். என்மேல் கோபம் இருக்கட்டும், அது தீர வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை, அவர் சாப்பிட்டால் போதும். கடிதம் கிடைத்த அன்றே போன் செய். ஆனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் செய்துவிடாதே. மணி அடித்தால் நீதான் என்று அவருக்குத் தெரியும். வாயில் இருப்பதை அப்படியே விழுங்கிவிட்டு ஓடிவருவார்.

உன் அம்மா